கையெழுத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிச் சீட்டு

குன்னூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள்கள். பெயரும் தோட்டத்தின் பெயரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் இரண்டையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அவருக்கு வயது 54. கல்யாணமான கையோடு 1994 ஜூனில் மாமியாரோடு கொழுந்து பறிக்கப் போனவர். மூன்று வருஷம் தற்காலிகம், 1997 ஏப்ரலில் நிரந்தரம். பஞ்சப்படியோடு சேர்த்து இன்றைக்கு நாள் சம்பளம் ₹450. அதே தோட்டத்தில் மருந்து அடித்துக்கொண்டிருந்த கணவர், 2019 ஆகஸ்டில், வேலையில் இருக்கும்போதே, நெஞ்சுவலி வந்து 52 வயதில் இறந்துபோனார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில், மகள் கோவையில் ஜவுளிக் கடையில். தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயன் வீட்டில் இவர் தனியாக இருக்கிறார்.

“சரிவுல ஏறிடறேன், இறங்கத்தான் முடியல. காலையில வாசப்படியில உக்காந்து உக்காந்து இறங்கறேன்” என்று முட்டியைப் பற்றி எழுதியிருக்கிறார். கையால் பறித்த காலம் போய்க் கத்தரியால் வெட்டும் காலம் வந்த பிறகு, வலது தோளைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. 2024 ஜூலை மழையில் இலை மூட்டையோடு எடை போடுமிடத்துக்கு இறங்கும்போது வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. வீட்டில் விழுந்ததாகச் சொல்லச் சொல்லி, கையில் ₹2,000 கொடுத்து முடித்துவிட்டார்கள். மெடிக்கல் ஷாப்பில் பொட்டலமாகக் கட்டித் தரும் மூன்று மாத்திரையைத் தினமும் விழுங்கிவிட்டுத்தான் மலை ஏறுகிறார். அப்படியும் போன வருஷம் பல மாதம் பதினைந்து, பதினாறு நாள்தான் வேலைக்கு வந்ததாகப் பேர் விழுந்திருக்கிறது.

சென்ற மாதம் சூப்பர்வைசர் ஒரு தட்டச்சுத் தாளை நீட்டியிருக்கிறார். ‘சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன், நிர்வாகத்திடமிருந்து எனக்கு வர வேண்டியது எதுவும் இல்லை’ என்று அதில் இருக்கிறதாம். கையெழுத்துப் போட்டால் ₹50,000 உண்டு, முப்பது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும், முடிகிற நாளில் கான்ட்ராக்டில் வந்து பறிக்கலாம். “58 ஆகல, நீயா போனா கிராஜுவிட்டி கிடையாது, இதுவே பெரிய மனசு” என்று சொன்னார்களாம். பக்கத்து வீட்டு அண்ணனோ, முட்டி போனதற்குக் கேஸ் போட்டால் லட்சக்கணக்கில் நஷ்டஈடு வரும் என்கிறார். கையெழுத்துப் போடுவதா, பல்லைக் கடித்துக்கொண்டு ஓய்வு பெறும் 58 வயது வரை ஓட்டுவதா என்பது சகோதரியின் கேள்வி.

அக்கா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான். விரல் இடுக்கில் இலைச்சாறு கறுத்துப் படிந்து, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. சாப்பாட்டை உருட்டித் தரும்போதும் அந்தக் கருப்பு விரல்தான். அம்மா வேலையை விட்டபோது அவர் இடுப்பும் முட்டியும் இருந்த நிலைமைக்கு ஊரே சாட்சி, ஆனால் ஒரு தாள் இல்லை. டிஸ்பென்சரியில் மாத்திரையைக் கையில் கொட்டிக் கொடுப்பார்கள், சீட்டு எழுதித் தர மாட்டார்கள். முப்பது வருஷம் தேய்ந்த உடம்பை அவர்கள் ‘வயசாச்சு’ என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். வயசு எல்லாருக்கும்தான் வருகிறது. இருபது கிலோ ஈர மூட்டையைத் தலையில் மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கியவரின் முட்டிக்கும், மேஜையில் உட்கார்ந்து கணக்கு எழுதியவரின் முட்டிக்கும் ஒரே வயசு என்று சொல்வது நியாயமில்லை. அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலையை விடுவது தப்பே இல்லை. ஆனால் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்லும் தாள் ஒன்றுகூட இல்லாமல் விட்டுவிடாதீர்கள். அந்தத் தட்டச்சுத் தாளில் இப்போதைக்குக் கையெழுத்து வேண்டாம்.

58 ஆகாவிட்டாலும் கிராஜுவிட்டி உண்டு

உங்களிடம் சொன்னது தவறு. கிராஜுவிட்டி என்பது பல வருஷம் உழைத்தவருக்கு வேலையை விடும்போது நிர்வாகம் தர வேண்டிய மொத்தப் பணம். 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை செய்த எவருக்கும், ஓய்வு பெற்றாலும் சரி, தாமே ராஜினாமா செய்தாலும் சரி, கிராஜுவிட்டி உண்டு. 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. கிராஜுவிட்டியும் இப்போது அதற்குள் வந்துவிட்டது. ஆனால் உங்களைப் போன்ற நிரந்தரத் தொழிலாளிக்கு அடிப்படைக் கணக்கு அதேதான்: முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம். கடைசி வருஷத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்திருந்தால் அதுவும் முழு வருஷமாகச் சேரும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ₹450-ஐப் பதினைந்தால் பெருக்கினால் ₹6,750. 1994 ஜூனிலிருந்து இந்த 2026 ஜனவரி வரை 31 வருஷம் 7 மாதம், அதாவது 32 வருஷமாக எடுக்க வேண்டும். மொத்தம் ₹2,16,000. நிர்வாகம் நிரந்தரமான தேதியிலிருந்துதான் எண்ணும் என்றால் 28 வருஷம் 9 மாதம், 29 வருஷக் கணக்கு, ₹1,95,750. எப்படிப் பார்த்தாலும் அவர்கள் தருவதாகச் சொல்லும் ₹50,000 இதில் கால்வாசிதான் வரும். தற்காலிகமாக இருந்த மூன்று வருஷமும் இடைவெளி இல்லாமல் வேலை செய்ததைக் காட்ட முடிந்தால் அதுவும் கணக்கில் சேர வேண்டியதே. அந்த மூன்று வருஷத்துக்கு ₹20,250 வித்தியாசம். அதற்கு நீங்கள் வைத்திருக்கும் சாட்சியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

‘எனக்கு வர வேண்டியது எதுவும் இல்லை’ என்று எழுதி வாங்கினால் கிராஜுவிட்டி போய்விடுமா என்றால், போகாது. சட்டம் தந்த கிராஜுவிட்டியை ஒரு ஒப்பந்தத் தாளால் பறிக்க முடியாது. ஆனால் அப்படி ஒரு தாள் இருந்தால் அதை எதிர்த்து வாதாடவே ஒன்றிரண்டு வருஷம் போய்விடும். முட்டி வலியோடு ஊட்டிக்கும் குன்னூருக்கும் வாய்தாவுக்கு அலையப் போவது நீங்கள், அவர்கள் இல்லை. கிராஜுவிட்டி தர வேண்டிய நாளிலிருந்து முப்பது நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், தாமதித்தால் வட்டியோடு தர வேண்டும். இதை அவர்களிடம் மரியாதையாகச் சொல்லலாம், தெரிந்துதான் கேட்கிறீர்கள் என்பது அவர்களுக்குப் புரியும்.

கான்ட்ராக்டில் கூப்பிடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதே செடி, அதே சரிவு, அதே மூட்டை. ஆனால் உங்கள் பழைய சர்வீஸ் அதோடு அறுந்துவிடும், கான்ட்ராக்டர் பிஎஃப் கட்டுகிறாரா என்று நீங்கள்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உடம்பு முடியவில்லை என்று விலகச் சொல்பவர்கள் அதே உடம்பைத் தினக்கூலிக்குக் கூப்பிடுவது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

முட்டிக்கு நஷ்டஈடு, மணிக்கட்டுக்கு நஷ்டஈடு

பக்கத்து வீட்டு அண்ணன் நல்ல மனசோடு சொல்லியிருக்கிறார், ஆனால் முட்டி விஷயத்தில் அவர் நினைப்பது போல் எளிதில்லை. வேலையால் வரும் நோய்கள் என்று சட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஈய நச்சு, கல்தூசியால் நுரையீரல் கெடுவது போன்றவை அதில் உண்டு. மூட்டுத் தேய்மானம் இல்லை. பட்டியலில் இல்லாததை வேலையால்தான் வந்தது என்று நிரூபிக்கும் பாரம் முழுக்க உங்கள் தலையில் விழும். முப்பது வருஷத்தில் முட்டிக்கு ஒரு எக்ஸ்ரேகூட எடுக்காத நிலையில் அந்தக் கேஸைப் போடச் சொல்லி உங்களை நான் இழுத்துவிட மாட்டேன்.

மணிக்கட்டு அப்படி இல்லை. வேலை நேரத்தில், வேலை செய்யும் இடத்தில், மூட்டையோடு விழுந்தது விபத்து. அதற்கு நஷ்டஈடு கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது, சிகிச்சைக்குச் செலவான பணமும் சேர்த்து. கேட்பதற்கு இரண்டு வருஷம் கெடு. 2024 ஜூலையில் விழுந்தீர்கள், இது ஜனவரி, இன்னும் ஆறு மாதம்கூட முழுசாக இல்லை. கெடு தாண்டினாலும் தகுந்த காரணம் காட்டினால் ஏற்க இடமுண்டு, ஆனால் அந்த வம்பு எதற்கு? மாவுக்கட்டுப் போட்ட ஆஸ்பத்திரியின் சீட்டு, எக்ஸ்ரே, அன்று உங்களைத் தூக்கிவந்த இரண்டு பேரின் பெயர், இது போதும் தொடங்குவதற்கு. வீட்டில் விழுந்ததாக நீங்கள் வாயால் சொன்னதை நினைத்துப் பயப்பட வேண்டாம். அன்றைக்கு உங்களுக்கு செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் விழுந்திருக்கிறது அல்லவா? வீட்டில் இருந்தவருக்கு எப்படி வேலையில் பேர் விழும்? விரல் இப்போது முழுசாக மடங்குகிறதா, பிடிமானம் எவ்வளவு என்பதை எலும்பு மருத்துவர் அளந்து எழுதித் தந்தால் அந்த அளவை வைத்துத்தான் தொகை வரும்.

உடம்பு

நான் வக்கீல், மருந்து சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதனால் குன்னூரில் பல வருஷமாகத் தோட்டக்காரர்களைப் பார்த்துவரும் மருத்துவர் ஒருவரிடம் உங்கள் கடிதத்தைப் பெயரில்லாமல் படித்துக் காட்டினேன். முட்டிக்கும் முன்னால் அவர் கவலைப்பட்டது அந்த மூன்று மாத்திரையைப் பற்றி. பொட்டலத்தில் வரும் வலி மாத்திரையில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, வருஷக்கணக்கில் தினமும் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும், ரத்தக் கொதிப்பும் ஏறும் என்றார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தத்தில் இரும்பு அளவு இந்த நான்கையும் இந்த வாரமே பாருங்கள் என்றார். குன்னூர் லாலி அரசு மருத்துவமனையில் தொடங்குங்கள். எலும்புக்கும் மற்றதுக்கும் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். முட்டி என்றதும் ஆபரேஷன்தான் என்று பயப்படாதீர்கள். தொடைத் தசைக்கான பயிற்சி, இறக்கத்தில் ஒரு கைத்தடி, மூட்டை தூக்காமல் இருப்பது, இவற்றிலேயே பலருக்கு வலி பாதியாகக் குறைவதை அவர் பார்த்திருக்கிறாராம். அதற்கு மேலும் ஆபரேஷன் தேவைப்பட்டால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் ₹1,20,000-க்குள் இருந்தால் சேரலாம், கார்டு இல்லை என்றால் ரேஷன் கார்டோடு கலெக்டர் அலுவலகத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் பக்கத்தில் ஒரு வரி எழுதி, அதன் மேலேயே பேனாவால் அடித்து அடித்து மறைத்திருக்கிறீர்கள். தாளின் பின்பக்கம் வரைக்கும் அழுத்தம் தெரிகிறது. மன்னியுங்கள் அக்கா, நான் அதையும் படித்துவிட்டேன். கர்ப்பப்பை இறங்கின மாதிரி இருக்கிறது, மூட்டை தூக்கினால் வெளியே வருகிறது, மகளிடம்கூடச் சொன்னதில்லை என்று எழுதியிருந்தீர்கள். இது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. பிரசவத்தில் தளர்ந்த தசை, அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் பாரம் தூக்கியதில் இன்னும் தளர்ந்திருக்கிறது. எத்தனை தோட்டப் பெண்கள் இதைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு மலை ஏறுகிறார்கள் என்று அந்த மருத்துவர் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. இதற்கு வளையம் வைக்கும் சிகிச்சை இருக்கிறது, தேவைப்பட்டால் ஆபரேஷன் இருக்கிறது. பெண்கள் பிரிவில் பெண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எந்த மருத்துவரிடம் போனாலும் ஒரு வாக்கியத்தை மறக்காமல் சொல்லுங்கள்: “நான் 31 வருஷமாகக் கொழுந்து பறிக்கிறேன், தினமும் மூட்டை தூக்கிச் சரிவில் இறங்குகிறேன்.” அதைச் சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். பாரம் தூக்கக் கூடாது, சரிவில் வேலை கூடாது என்று மருத்துவர் நினைத்தால் அதையும் எழுதி, முத்திரை வைத்துத் தரச் சொல்லுங்கள். புதிய சட்டத் தொகுப்பில் 40 வயது கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கொரு முறை இலவச உடல் பரிசோதனை உண்டு என்று அரசு அறிவித்திருக்கிறது. உங்கள் தோட்டத்தில் அது எப்போது என்று ஒரு கடிதத்தில் கேட்டு வையுங்கள்.

இனிமேல் ஒரு நாள்கூடச் சீட்டு இல்லாமல் வீட்டில் நிற்காதீர்கள். போன வருஷம் மாதம் பதினைந்து நாள் பேர் விழுந்தது என்றால் வருஷம் முழுக்கத் தொடர்ந்து வேலை செய்ததாக எடுத்துக்கொள்ளத் தேவையான 240 நாள் வராது. நோய்க்காக எடுத்த விடுப்பு என்று தாள் இருந்தால் சர்வீஸ் தொடர்ந்ததாகத்தான் கணக்கு. தாள் இல்லாவிட்டால் ‘சொல்லாமல் நின்றவர்’ என்று ஆரம்பித்து, அந்த வருஷத்தையே கழிக்கப் பார்ப்பார்கள், வேலையை விட்டே நீக்கக்கூட ஒரு காரணம் கிடைத்துவிடும். வேலை செய்த ஒவ்வொரு இருபது நாளுக்கும் ஒரு நாள் சம்பள விடுப்பு உங்களுக்குச் சேர்ந்திருக்கும். அது எவ்வளவு மிச்சம் என்று ஆபீசில் கேளுங்கள்.

செடி நர்சரி வேலையோ பிள்ளைக் காப்பக வேலையோ கேட்டும் தரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அரசுத் தோட்டமாக இருந்தால், வேலையில் இருக்கும்போது உடல் குறைபாடு வந்தவரை நீக்கக் கூடாது, அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம். தனியார் தோட்டத்தை அந்தப் பிரிவு கட்டுப்படுத்தாது. ஆனாலும் மருத்துவர் சீட்டோடு, சங்கத்தின் வழியாக, எழுத்தில் கேட்பதற்கும் வாயால் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்று

இதைத்தான் முதலில் எழுத நினைத்தேன். உங்கள் கணவர் இறந்த பிறகு பாஸ்புத்தகத்தில் ₹1,38,000 ஒரே வரவாக வந்தது, “பிஎஃப் பணம் அதோட முடிஞ்சுது” என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். முடியவில்லை அக்கா. வேலையில் இருக்கும்போது பிஎஃப் உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு வர வேண்டியது மூன்று: சேர்ந்த பிஎஃப் பணம், மனைவிக்கு ஆயுள் முழுக்க மாதப் பென்ஷன், பிஎஃப்போடு இணைந்த இன்ஷூரன்ஸ் தொகை. உங்களுக்கு வந்தது முதலாவது மட்டும் போலத் தெரிகிறது.

விதவைப் பென்ஷன் குறைந்தது மாதம் ₹1,000. அதையே வைத்தாலும் 2019 ஆகஸ்டிலிருந்து இதுவரை எழுபதாயிரத்துக்கு மேல். கணவர் இறந்தபோது 25 வயதுக்குக் கீழே இருந்த பிள்ளைகளுக்கும் அந்த வயது வரை தனியாகப் பிள்ளைகள் பென்ஷன் உண்டு. இன்ஷூரன்ஸ் தொகை, இறப்பதற்கு முன் ஒரு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்தவர் என்றால், அந்தக் காலத்தில் குறைந்தது ₹2,50,000. அது தவிர அவருடைய கிராஜுவிட்டி வந்ததா என்று நீங்கள் எழுதவே இல்லை. இறந்தவர் விஷயத்தில் ஐந்து வருஷக் கணக்குகூடப் பார்க்க மாட்டார்கள், அதையும் கேளுங்கள்.

ஆறு வருஷம் ஆகிவிட்டதே, காலாவதி ஆகியிருக்கும் என்று நீங்களாக முடிவு கட்டிவிட வேண்டாம். பென்ஷனுக்குப் படிவம் 10-டி, இன்ஷூரன்ஸுக்கு 5-ஐஎஃப். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், உங்கள் ஆதார், பாஸ்புத்தக முதல் பக்க நகல், கணவரின் பிஎஃப் எண் இவற்றோடு மகளைக் கூட்டிக்கொண்டு பிஎஃப் அலுவலகத்துக்குப் போங்கள். நிர்வாகம் படிவத்தில் கையெழுத்துப் போட இழுத்தடித்தால் அதையும் அங்கேயே எழுத்துப்பூர்வமாகச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பிய பழைய சம்பளச் சீட்டில் உங்கள் பெயருக்குப் பின்னால் ‘அம்மாள்’ இருக்கிறது, ஆதார் நகலில் இல்லை. இவ்வளவு சின்ன விஷயத்துக்காகப் படிவம் திரும்பி வந்து ஆறு மாதம் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் வேலையாக அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் சொந்தப் பென்ஷன்

58-க்கு முன் விட்டால் பென்ஷன் போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். பத்து வருஷம் பணம் கட்டியவருக்குப் பென்ஷன் உறுதி. உங்களுக்கு 28 வருஷம் ஆகிவிட்டது. வேலையை விட்ட பிறகு 50 வயதிலிருந்தே வாங்கலாம், ஆனால் 58-க்கு எத்தனை வருஷம் குறைகிறதோ வருஷத்துக்கு 4 சதவீதம் வெட்டுவார்கள். அந்த வெட்டு ஆயுள் முழுக்க. இப்போதே எழுதிக் கொடுத்தால், ₹3,000 வர வேண்டியவருக்கு ₹2,500 சொச்சம்தான் வரும். வேலையை விட்டுவிட்டு, பென்ஷனுக்கு மட்டும் 58 வரை காத்திருக்கவும் வழி இருக்கிறது. படிவம் 10-சி கொடுத்து, உங்கள் சர்வீஸைக் காட்டும் ஸ்கீம் சர்டிபிகேட் என்ற சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டால் போதும், வெட்டு இருக்காது. கணவரின் பென்ஷன் வாங்குவதால் உங்களுடையது நின்றுவிடாது, இரண்டும் தனித்தனி.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 58 வரை இருந்தால் கிராஜுவிட்டியில் இன்றைய சம்பளக் கணக்குப்படி இன்னும் ₹27,000 கூடும், பென்ஷன் கொஞ்சம் கூடும், நான்கு வருஷச் சம்பளம் வரும். ஆனால் மாதம் பதினைந்து நாள்கூட முடியாத உடம்புக்கு அந்த நான்கு வருஷச் சம்பளத்தை முழுசாக எழுதிக் கணக்குப் பார்ப்பது சரியாகாது. கணவர் கணக்கில் வர வேண்டியது வந்துவிட்டால், 58 வரைக்கும் அந்தப் பணத்தில் தாட்டிவிட முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் முதலில் கணவரின் படிவங்கள், கூடவே ஆஸ்பத்திரி, ஜூலைக்குள் மணிக்கட்டு மனு. மருத்துவர் இந்த வேலை கூடாது என்று எழுதிவிட்டால், அதன் பிறகு உங்கள் சொந்தக் கையெழுத்தில் நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள்: “1994 ஜூன் முதல் வேலை செய்து வருகிறேன். இத்துடன் இணைத்துள்ள மருத்துவர் சான்றுப்படி இந்த வேலையைத் தொடர முடியாததால் விலகுகிறேன். எனக்குச் சேர வேண்டிய கிராஜுவிட்டி, விடுப்புச் சம்பளம், போனஸ் ஆகியவற்றைத் தரக் கேட்டுக்கொள்கிறேன்.” நகலில் ஆபீஸ் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்.

வீடு

இதில் உங்களுக்கு ஆறுதலாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. லயன் வீடு வேலையோடு வந்தது. வேலை முடிந்த பிறகு தனியார் தோட்டத்தில் தொடர்ந்து இருக்கும் உரிமையைச் சட்டம் தரவில்லை. 31 வருஷம் விளக்கேற்றிய வீடு, கணவரைத் தூக்கிப்போன வாசல், அதை நான் மறக்கவில்லை. ஆனால் வீட்டைக் காலி செய்தால்தான் கிராஜுவிட்டி என்று நிர்வாகம் நிபந்தனை போடுவதைச் சட்டம் அப்படியே ஏற்பதில்லை. கிராஜுவிட்டியை நிறுத்திவைக்கச் சட்டம் சொல்லும் காரணங்கள் மிகக் குறைவு, வீடு அதில் இல்லை. அதே சமயம், நியாயமான கெடு தாண்டியும் வீட்டில் இருந்தால் அபராத வாடகையைக் கழிக்கச் சில வழக்குகளில் நீதிமன்றம் அனுமதித்தும் இருக்கிறது. எனவே பணம் கைக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதம் அவகாசம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் மூன்று மாதத்துக்காவது ஒத்துக்கொள்வார்கள். திங்கள்கிழமை ஊட்டி கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டத்தில் வீட்டுமனைக்கு ஒரு மனு போட்டு வையுங்கள். நீலகிரியில் மனைப்பட்டா கிடைப்பது லேசில்லை, ஆனாலும் மனு எண் கையில் இருக்கட்டும். மகன் கூப்பிடுகிறான் என்பதற்காகக் கிராஜுவிட்டியை அப்படியே திருப்பூர் வீட்டு அட்வான்ஸில் போட்டுவிடாதீர்கள். அந்தப் பணம் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

செலவுக்குப் பயந்து வக்கீல் வைக்கத் தயங்க வேண்டாம். பெண்கள் யாராக இருந்தாலும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ஊட்டி நீதிமன்றத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, போனில் 15100. கிராஜுவிட்டி, மணிக்கட்டு இரண்டுக்கும் குன்னூரில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரித்துத் தொடங்கலாம்.

கடைசியாக, கடிதத்தோடு நீங்கள் மடித்து வைத்திருந்த அந்த மஞ்சள் நிறச் சீட்டு. 1994 அக்டோபர் சம்பளம், உங்கள் செக்ரோல் நம்பர், 23 நாள், முன்பணம் பிடித்தது ₹40. முப்பது வருஷமாக அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் 1994-லேயே அந்தத் தோட்டத்தில் வேலை செய்தீர்கள் என்பதற்கு இன்றைக்கு உங்களிடம் இருக்கும் ஒரே தாள் அதுதான், அதை எடுத்து எனக்கு அனுப்பிவிட்டீர்கள். நேற்றே ஸ்பீட் போஸ்டில் திருப்பி அனுப்பினேன். வந்ததும் மூன்று நகல் எடுங்கள், ஒன்று மகளிடம் இருக்கட்டும். ஆபீசில் கேட்டாலும் நகலை மட்டும் கொடுங்கள். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், என்னிடமும்கூட.